ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர்

காலை ஏழு மணிக்கு அண்ணன் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறிச் சின்னவளின் குரல் கேட்டது. "பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்பணும். பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்பணும்."

அண்ணன் பேருந்து ஓட்டுபவர். எட்டு மணி வண்டியை எட்டு மணிக்கு எடுத்தாக வேண்டும். தங்கையின் பாக்கெட் தொலைந்தால் என்ன, கிடைத்தால் என்ன என்ற நிலைக்கு அவர் வந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது.

முப்பத்தொன்பது வயதில் குளியலறையில் பாடம் ஒப்பிக்கும் அளவுக்கு அப்படி என்ன தேர்வு என்று இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்கள் கேட்கலாம். சின்னவள் ஒன்பது வருடம் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருந்தவள். மூன்று மாதத்துக்கு முன் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அங்கே வந்து நின்றது. அது சிரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை, ஆனால் விடுப்பும் கேட்கவில்லை. மேஜையை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் தொண்ணூறு நாள் வைத்துப் பார்க்கிறோம், தேறினால் வேலை உண்டு, தேறாவிட்டால் திரும்பி வர மேஜை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று தொண்ணூறாவது நாள்.

முதல் நாள் மேற்பார்வையாளர் அறுபது சொற்கள் அடங்கிய தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். ரூட்டர், பாக்கெட், ஃபயர்வால், கேஷ் என்று வரிசையாகப் போனது. சின்னவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். அவர் பதினாறு வருடமாக வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவர்.

"இதுல அழறதுக்கு என்ன இருக்கு? இதெல்லாம் நான் தினமும் செய்யற வேலைதானே" என்றார்.

அன்று தொடங்கியது அந்த நீல நோட்டு. 'பாக்கெட்: பெரிய கடிதத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனிக் கவரில் போட்டு, ஒன்று, இரண்டு என்று எண் எழுதி அனுப்புவது.' 'ரூட்டர்: கவர்மேல் இருப்பதை மட்டும் படித்து அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். உள்ளே பிரித்துப் பார்க்காது. அண்ணி மாதிரி.' 'ஃபயர்வால்: வாசலில் கட்டிய நாய். தெரிந்தவர்களை மட்டும் விடும்.' அண்ணனும் தன் பங்குக்கு ஒன்று எழுதியிருந்தார். 'பேண்ட்விட்த்: ரோட்டின் அகலம். பஸ்ஸின் வேகம் இல்லை. இதை என் பயணிகளுக்கும் யாராவது சொன்னால் நல்லது.'

நோட்டு நிரம்ப நிரம்பச் சின்னவளுக்கு நாக்கு திரும்பியது. செவிலியர்களுக்கும் டாக்டர்களுக்கும் அவள் சொன்னால் புரிந்தது. ஒருநாள் மேற்பார்வையாளர், யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். வீட்டில் ஒருவர் இருக்கிறார், நெட்வொர்க் எல்லாம் அவருக்கு அத்துப்படி என்று சின்னவள் சொல்லிவைத்தாள். பொய் இல்லை. ஆனால் அவர் அதை ஒரு பெரிய இன்ஜினியர் என்று எடுத்துக்கொண்டபோது அவள் திருத்தவும் இல்லை. அன்றிலிருந்து, "உங்க வீட்டு இன்ஜினியர் என்ன சொல்றார்?" என்று அவர் மரியாதையோடு விசாரிப்பது வழக்கமாகிவிட்டது.

அங்கேதான் வந்தது போன வாரத்துத் தலைவலி. அண்ணிக்குத் தபால் கொடுக்கும் தெருக்களை மாற்றிவிட்டார்கள். இன்று முதல் அவர் போக வேண்டிய புதிய பட்டியலில் மருத்துவமனைத் தெருவும் இருந்தது.

"அண்ணி" என்று தேநீரைக் கலக்கியபடியே சின்னவள் ஆரம்பித்தாள். "இன்னைக்கு நீங்க அங்க வந்தா, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம். வேலை நேரத்துல சொந்தக்காரங்க வந்தா மேற்பார்வையாளருக்குப் பிடிக்காது."

அண்ணி அவளை ஒரு நொடி பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணன், மனைவி போன திசையையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று குனிந்து காலுறை மாட்டத் தொடங்கினார்.

சின்னவள் தேநீரை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மருத்துவமனையில் காலை ஒன்பதரைக்கே களேபரம் ஆரம்பித்துவிட்டது.

மருந்துச் சீட்டு கொடுக்கும் அறையில் இரண்டு பிரின்டர்கள் உண்டு. ஒன்று பழையது, சீட்டு அச்சடிப்பது. இன்னொன்று மருந்துப் புட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிப்பது. இது புதியது. நேற்று மாலை இதை மாட்டி, அதற்கு ஐ.பி. அட்ரஸ் என்ற நெட்வொர்க் முகவரி கொடுத்து, சோதித்துப் பார்த்து, பேரேட்டில் எழுதி வைத்ததெல்லாம் சின்னவள்தான். முதன்முறையாக யார் உதவியும் இல்லாமல் செய்த வேலை. நேற்று ஸ்டிக்கர் அழகாக வந்தது.

இன்று சீட்டு வர வேண்டிய நேரத்தில் சீட்டு வரவில்லை. பதிலுக்கு ஸ்டிக்கர் பிரின்டர் என்னென்னவோ கிறுக்கலோடு சுருள் சுருளாக ஸ்டிக்கரைத் துப்பியது. அடுத்த முறை சீட்டு ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த முறை பழைய பிரின்டரில் ஒரு முழுத் தாளில் மூன்றே மூன்று எழுத்து வந்தது. டாக்டர்கள் கையாலேயே சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கையெழுத்தைவிட ஸ்டிக்கர் கிறுக்கலே தேவலை என்று மருந்து கொடுக்கும் பெண் முணுமுணுத்தாள். கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தன் கையில் கொடுத்தது சீட்டா ஸ்டிக்கரா என்று தெரியாமலே பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவதற்குள் சின்னவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். வருகிறது, போகிறது, வருகிறது என்றால் கேபிளில்தான் கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொன்னார். நேற்றுத்தான் அந்த அறைக்குப் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தது. இழுத்தவர் ஒயர்க்காரர். ஐம்பது வயது, இருபத்தைந்து வருட அனுபவம். அவரை வரவழைத்து ஏணியில் ஏற்றினார்கள். தான் மாட்டிய முனை இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை என்று அவர் மேலேயிருந்து சொல்லிப் பார்த்தார். மேற்பார்வையாளர் கீழே நின்றபடி அவருடைய கம்பெனிக்குப் புகார் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தார்.

சீருடை, தோளில் பை, கையில் பதிவுத் தபால் கட்டு. மூன்றடி தள்ளி மேற்பார்வையாளர். அண்ணி நேரே மேஜைக்கு வந்து, "கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார்.

அந்த 'மேடம்' சின்னவளைச் சுருக்கென்று தைத்தது. தானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான். குனிந்து கையெழுத்துப் போட்டாள். அண்ணியின் கண் தரையில் கிடந்த ஸ்டிக்கர் சுருள்களின் மேல் போயிற்று. என்ன இருந்தாலும் தொழில்காரர் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன, வீடு மாறி வீடு போகுதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரே ரூம், ஒரே மேஜை, ரெண்டு பிரின்டர்" என்று சின்னவளும் உதடு அசையாமல் சொன்னாள். "நீங்க நோட்டுல எழுதின மாதிரி ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ்தான் கொடுத்தேன்."

"பின்னே? ஒரு வீட்டுல நாலு பேர் இருந்தா நாலு கதவு எண்ணா போடுவாங்க? பேரைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதான்."

"இதுல பேர் இருக்காது அண்ணி. கவர்மேல அட்ரஸ் மட்டும்தான் இருக்கும்."

அண்ணி யோசித்தார். பதினாறு வருடத்தில் அப்படிப்பட்ட கவர்களையும் அவர் பார்க்காமல் இல்லை.

"பேர் இல்லாட்டி நான் என்ன செய்யறது? கதவைத் தட்டுவேன். யார் முதல்ல திறக்கிறாங்களோ அவங்க கையில கொடுத்துட்டு வந்துடுவேன்."

சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அந்த இரண்டு பிரின்டர்களையும் பார்த்தார்கள்.

ஒரு தடவை பழையது கதவைத் திறக்கிறது. இன்னொரு தடவை புதியது திறக்கிறது. நேற்று மாலை எப்படிச் சரியாக இருந்தது என்பதும் சின்னவளுக்கு அப்போது விளங்கியது. பழைய பிரின்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தது.

"அப்ப நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு" என்றார் அண்ணி. முகம் வாடிவிட்டது. சின்னவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் திரும்பினார். "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டார்.

சின்னவள் பேரேட்டைப் பிரித்தாள். பழைய பிரின்டருக்கு நேரே புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். கடைசி எண் நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் புதிய பிரின்டர். அதற்கும் நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று யாருக்கும் கொடுக்கப்படாமல் காலியாக இருந்தது. மூன்றே நிமிடம்தான். புதியதன் எண்ணை மாற்றி, ஸ்டிக்கர் இனி அங்கேதான் போக வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிட்டாள்.

சீட்டு வந்தது. ஸ்டிக்கர் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கோளாறு அதோடு தீரவில்லை. சரியாக அதே நேரத்தில்தான் ஒயர்க்காரர் ஏணியில் நின்றபடி கேபிளின் முனையை வெட்டிப் புது முனை மாட்டி முடித்திருந்தார்.

"பார்த்தீங்களா? முனையை மாத்தினதும் சரியாயிடுச்சு" என்றார் மேற்பார்வையாளர். ஒயர்க்காரர் வெட்டி எடுத்த பழைய முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் கீழே பிரின்டர்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

சின்னவள் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லாம் சரியாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், தானாகச் செய்த முதல் வேலையிலேயே மருத்துவமனையைக் கவிழ்த்தவள் என்று பெயர் வரும். திரும்பிப் போக மேஜையும் கிடையாது. அவள் பயந்தாள். நன்றாகவே பயந்தாள்.

பெரிய டாக்டர் வந்துவிட்டார். மருத்துவமனையே அவருடையது. என்ன நடந்தது என்று இரண்டு வார்த்தையில் சொல்லச் சொன்னார். மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிசிக்கல் லேயரில் இன்டர்மிட்டென்ட் பாக்கெட் லாஸ் என்றார். புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார் டாக்டர். மேற்பார்வையாளர் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். கேபிள் மாட்டியவர்மேல் புகார் எழுதியாகிவிட்டது, இதோ அனுப்பப் போகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஏணிமேல் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேபிள்ல ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றாள் சின்னவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தப்பு என்னுது."

பிறகு சொன்னாள். ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர் குடியிருந்தது, கடிதத்தில் பெயர் இல்லாதது, தட்டினபோது முதலில் திறந்தவர் வாங்கிக்கொண்டது எல்லாம் சொன்னாள். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே எண் போதும் என்று தான் நினைத்ததையும், நாற்பத்துமூன்று கொடுத்த பிறகுதான் சரியானதையும் மறைக்காமல் சொன்னாள்.

"இங்க நம்பர்தான் டாக்டர் பேரு. ஒரு நம்பருக்கு ஒருத்தர்தான். எனக்கு அது இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

டாக்டர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அவர் பேரேட்டை வாங்கி, இரண்டு நாற்பத்திரண்டையும் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார். டூப்ளிகேட் ஐ.பி. என்றார்.

"அவங்க சொன்னது புரிஞ்சுது. நீங்க சொல்றதுதான் புரியலை" என்றார் டாக்டர். பிறகு சிரித்துவிட்டார். மூன்று வருடத்தில் இந்தப் பிரிவு தனக்குச் சொன்னதில் முதல்முறையாகப் புரிந்த விஷயம் இதுதான் என்று சொல்லிவிட்டு, நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தட்டி வைத்த புகாரை அழித்தார். அப்புறம் சின்னவளைப் பார்த்து, "இதைக்கூட உங்க வீட்டு இன்ஜினியர் சொல்லித் தரலையா?" என்று கேட்டார்.

இதற்கும் ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் சுருக்கென்று தைத்த அந்த 'மேடம்' இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்ல இன்ஜினியர் யாரும் இல்லை சார். கொஞ்ச நேரம் முன்னாடி தபால் கொடுத்துட்டுப் போனாங்களே, அவங்கதான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவங்க. எங்க அண்ணி. இன்னைக்குக் கோளாறைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். தெரியாதவங்க மாதிரி இருக்கச் சொன்னது நான்." கடைசி வாக்கியத்துக்கு வரும்போது கண் நிறைந்துவிட்டது.

மேற்பார்வையாளர் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த நோட்டைக் கேட்டார். நீல நோட்டை வாங்கிப் பார்த்தார். நாயைப் பற்றிய பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் வந்து, "உங்க அண்ணியோட முழுப் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. வேலை முடிவு என்ன என்று கேட்டதற்கு, தபாலில் வரும், அதுதான் இங்கே முறை என்றார்.

தன் தலை போனால் போகட்டும், அண்ணியின் ஆபீசுக்கு ஏதாவது எழுதிப்போட்டுவிடுவாரோ என்பதுதான் சின்னவளின் கவலையாக இருந்தது. நாலு மணிக்கு, மருத்துவமனையிலிருந்து போகிற தபால்களை அண்ணி எடுத்துக்கொள்ள வரும் நேரத்தில் கீழே போய்ப் பார்த்துவிட நினைத்தாள். மூன்றாம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. இறங்கி வருவதற்குள் அண்ணி வந்துவிட்டுப் போயிருந்தார்.

வீட்டில் அன்று மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன் மூன்று முறை பேருந்துக் கதை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணி, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் சின்னவள். "நீங்க யாருன்னும் சொல்லிட்டேன். காலையில அப்படிச் சொன்னது எனக்கே அசிங்கமா இருக்கு."

"தெரியும். நாலு மணிக்கு அந்த ஏணிக்காரர் சொன்னார்" என்றார் அண்ணி. "நீ அழுததையும் சேர்த்துத்தான்." பிறகு நீல நோட்டை எடுத்து வரச் சொன்னார். முகவரி என்று எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, ஒரு வீட்டுக்கு ஒரே எண் போதும் என்ற தன் வரியைத் தானே அடித்தார். அதற்குக் கீழே நிதானமாக எழுதினார். 'இங்கே எண்தான் பேர். ஓர் எண்ணுக்கு ஒருவர். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது சின்னவள்.'

சின்னவள் அதைப் படித்துவிட்டு அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் இதுதான் சமயம் என்று இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொண்டார்.

"சரி, அந்த முடிவு எப்ப வருமாம்?" என்று அவர் கேட்டார்.

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலையில. என் பையிலதான் போட்டாங்க. இப்ப ஆபீஸ்ல முத்திரை குத்தி, நம்ம தெரு பைக்குப் போயிருக்கும்."

இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். கனமாக இருந்ததா, மெலிதாக இருந்ததா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரா என்று கேட்டார்கள். உள்ளே இருப்பது தனக்குத் தெரியாது, பிரித்துப் பார்ப்பது தன் வேலை இல்லை, நோட்டில் எழுதியிருப்பதைப் போய்ப் படிக்கலாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். கவர்மேல் இருப்பதைப் படிப்பதுதான் தன் வேலை.

"அப்ப மேல என்ன இருந்துச்சு?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணு இல்லை. ரெண்டு கவர். ரெண்டுலயும் நம்ம கதவு எண். ஒண்ணுல உன் பேர்."

"இன்னொண்ணுல?"

"என் பேர்" என்றார் அண்ணி. "எனக்கு அங்கேயிருந்து எதுக்குக் கடிதம் வருதுன்னுதான் நாலு மணியிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தொலைபேசியை எடுத்து, நாளைக் காலை எட்டு மணி வண்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"தபால் வர்றப்ப கதவை நான் திறக்கறேன்" என்றார்.